பினாங்குப் பயணக் குறிப்புகள்: கரண்டு பில்லிலிருந்து தொடங்கும் பசுமைக் கணக்கு

ஞாயிறு, ஜார்ஜ்டவுன்

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் கடலைக் கடந்து ஜார்ஜ்டவுன் வந்து சேர மாலையாகிவிட்டது. பினாங்கில் தமிழர்கள் நடத்தும் சிறு, நடுத்தரத் தொழில்கள் சிலவற்றுக்கு இந்த வாரம் நேரில் செல்கிறேன். மின்சாரம், எண்ணெய், கழிவு ஆகியவற்றை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து, எதை மாற்றலாம், எதை ஏட்டில் குறித்து வைக்கலாம் என்று உடன் உட்கார்ந்து வழி சொல்வதே என் வேலை. அன்றன்று பார்த்ததை அன்றன்றே எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு இப்போது ஏன் இத்தனை அவசரம் என்று உறவினர் ஒருவர் கேட்டார். மலேசியாவில் இயங்கும் நூறு தொழில் நிறுவனங்களில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை சிறு, நடுத்தர நிறுவனங்கள்தாம். 2021-இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா பருவநிலை சார்ந்த வகைப்பாட்டு வழிகாட்டியை வெளியிட்ட பிறகு, கடன் கேட்டு வருபவரின் தொழில் சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறது என்று வங்கிகள் பார்க்கத் தொடங்கின. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு 2025 முதல் படிப்படியாகச் சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய புதிய அறிக்கை விதிகள் நடப்புக்கு வருவதால், அவை தமக்குச் சரக்கு தருகிறவர்களிடமும் விவரம் கேட்கின்றன. சட்டம் நேரடியாகத் தொடாத கடைக்காரரையும் வங்கி அதிகாரியும் வாடிக்கையாளரும் தொடுகிறார்கள். கேள்வித்தாள் வந்து சேர்ந்த பிறகு ஓடுவதைவிட, வருவதற்கு முன்பே கணக்கைத் தயாராக வைத்திருப்பது நல்லது என்று அவரிடம் சொன்னேன்.

திங்கள், லிட்டில் இந்தியா

விடியற்காலை ஐந்து மணிக்கே லெபோ பாசாருக்கு அருகிலுள்ள ஒரு வாழையிலை உணவகத்தின் சமையலறைக்குள் நுழைந்துவிட்டேன். உணவகத்தை நடத்தும் அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். கணவர் காலமான பிறகு, இரண்டு மகன்களின் துணையோடு தொழிலைக் கட்டிக் காத்து வருகிறார். என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்ததும், மனத்திலிருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த ஈ.எஸ்.ஜி. எல்லாம் பெரிய கம்பெனிக்காரங்களுக்கு. சம்பளம் ஏறிப்போச்சு, இ-இன்வாய்ஸ் வந்துருச்சு, இதுல இது வேறயா?"

ஈ.எஸ்.ஜி. என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கணக்கு. அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. ஆகவே அந்தப் பேச்சையே எடுக்காமல், போன ஓராண்டின் கரண்டு பில்களைக் கேட்டேன். மகன் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து அவற்றை எடுத்து வந்து மேசையில் பரப்பினார். மாத வாரியாக அடுக்கியபோது, விற்பனை கூடிய தீபாவளி மாதத்துக்கும் கூட்டம் குறைந்த மாதங்களுக்கும் இடையே மின் பயன்பாட்டில் பெரிய வித்தியாசமே இல்லை என்பது தெரிந்தது. அப்படியானால் பெரும்பகுதி மின்சாரம், சமையல் கூடினாலும் குறைந்தாலும் இடைவிடாது ஓடும் ஏதோ ஒன்றுக்குப் போகிறது. அந்தக் கடையில் அப்படி ஓடுபவை பின்கட்டில் வரிசையாக நிற்கும் குளிர்பெட்டிகளே.

குளிர்பெட்டியைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு பத்து வெள்ளி நோட்டைக் கதவின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்குமாறு வைத்து, கதவைச் சாத்திவிட்டு மெல்ல இழுக்க வேண்டும். ரப்பர் பட்டை நன்றாக இருந்தால் நோட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். பழைய குளிர்பெட்டி ஒன்றில் நோட்டு எந்தத் தடையுமில்லாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கதவின் கீழ்மூலையில் ரப்பர் வெடித்து, அதில் கறுப்பாக அழுக்கு அடைந்திருந்தது. பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றியபோது, வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய சுருள் முழுவதும் மாவுத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன. இப்படி இருந்தால் இயந்திரம் சற்றும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், ஆனாலும் உள்ளே போதுமான குளிர் இருக்காது. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் தம்பி ஒருவர் பழைய பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பொறுமையாகச் சுருளைச் சுத்தம் செய்தார். வாரம் ஒருமுறை இதைச் செய்வது அவர் பொறுப்பு என்றும், செய்த நாளை சுவரிலுள்ள நாட்காட்டியில் குறிப்பது என்றும் அங்கேயே முடிவாயிற்று. ரப்பர் பட்டையை மாற்ற ஆகும் செலவு, புதுப் பெட்டி வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

அடுத்தது எண்ணெய். வடைக்கும் பொரியலுக்கும் பயன்படுத்திய எண்ணெயை இவர்கள் டின்களில் சேர்த்து, வாங்க வருகிறவரிடம் எடைக்கு விற்றுவிடுகிறார்கள். இது நல்ல வழக்கம். பயன்படுத்திய சமையல் எண்ணெய் இன்று உயிரி டீசலுக்கும் விமான எரிபொருளுக்கும் மூலப்பொருளாகப் போவதால், அதற்கு நல்ல விலையும் கிடைக்கிறது. ஆனால் விற்ற அளவுக்கோ, வாங்கியவருக்கோ எந்தப் பதிவும் இல்லை. இத்தனை ஆண்டுகளாகச் சரியாகச் செய்துவரும் ஒரு காரியத்தை நிரூபிக்க இவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வாங்குகிறவர் உரிமம் உள்ளவர்தானா என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் எடை, தேதி, தொகை மூன்றும் எழுதிய ரசீது வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் கிரீஸ் டிராப்பைத் திறந்து பார்த்தோம். கொழுப்பு ஒரு விரற்கடைக்கு மேல் உறைந்திருந்தது. அதை அடிக்கடி வாரி எடுக்காவிட்டால் கொழுப்பு கால்வாய்க்குப் போய் இறுகி, மழைக்காலத்தில் தெருவையே அடைத்துவிடும்.

பொட்டலம் கட்டுவதைப் பற்றி மட்டும் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைகளில் இலவச பிளாஸ்டிக் பை இல்லை என்ற நடைமுறையைப் பினாங்கு மாநிலம் 2009-இல் வாரத்தில் ஒரு நாள் என்று தொடங்கி, 2011 ஜனவரி முதல் எல்லா நாளுக்கும் விரிவாக்கி, பை ஒன்றுக்கு 20 சென் வசூலிக்க வைத்தது. நாட்டின் பிற பகுதிகள் பின்னால்தான் வந்தன. அக்கா தம் வாடிக்கையாளர்களில் பலர் வீட்டிலிருந்தே தூக்குப் பாத்திரம் கொண்டுவருகிறார்கள் என்று சொன்னார். அவர்களுக்குச் சாம்பார் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவது அவர் வழக்கமாம்.

செவ்வாய், லெபோ குவீன்

இன்று துணிக்கடை ஒன்றும் மளிகைக் கடை ஒன்றும். இரண்டும் வாடகைக் கடைகள், ஆகவே சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

ஜார்ஜ்டவுனின் பழைய நகரப் பகுதி 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பாரம்பரியப் பகுதியில் கட்டடத்தின் முகப்பையோ கூரையையோ மாற்ற வேண்டுமென்றால் மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கட்டடமோ வேறொருவருடையது. துணிக்கடைக்காரர் தம் கூரையில் சூரியத் தகடு போட விரும்பினாலும் கூரை அவருடையது அல்ல, வீட்டுக்காரர் போட்டாலும் குறையப்போவது அவருடைய பில் அல்ல. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு என்ற இந்த முடிச்சுதான் சிறுதொழில்களின் பல நல்ல திட்டங்களைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுகிறது என்பது என் எண்ணம். இதற்கு அரசு வெளியிடும் பொது வழிகாட்டிகள் போதவில்லை. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, இன்னின்ன சீரமைப்பை வீட்டுக்காரர் செய்வார், அதற்கு ஈடாக ஒப்பந்தக் காலம் நீளும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்கும்படி இருவரிடமும் சொன்னேன்.

வாடகைக்காரர் கையில் இருப்பதும் குறைவில்லை. துணிக்கடையில் பட்டுப்புடவைகளின் மேல் இன்னமும் பழைய ஹாலோஜன் விளக்குகள் எரிகின்றன. அவை வெளிச்சத்தைவிட வெப்பத்தையே அதிகம் தருகின்றன, அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏர்கான் உழைக்கிறது. எல்.இ.டி.க்கு மாற்றினால் இரண்டு பக்கமும் மிச்சம், துணியின் சாயமும் சீக்கிரம் வெளுக்காது. கடைசிக் காரணத்தைச் சொன்ன பிறகுதான் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புதன், புக்கிட் மின்யாக்

பெருநிலப் பகுதிக்குச் சென்றேன். இயந்திர உதிரிபாகங்கள் கடைந்து தரும் ஒரு சிறிய தொழிற்கூடம், முப்பது பேருக்குக் குறைவான தொழிலாளர்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்ட பிறகு, பன்னாட்டு மின்னியல் ஆலைகளைச் சுற்றி இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வளர்ந்தன. உரிமையாளர் அப்படி ஓர் ஆலையில் தொழிலாளியாகத் தொடங்கி, பிறகு சொந்தமாக இரண்டு இயந்திரம் வாங்கிப்போட்டு முன்னேறியவர். இப்போது அவருடைய முக்கிய வாடிக்கையாளர் நிறுவனம் நீண்ட கேள்வித்தாள் ஒன்றை அனுப்பி, மாத இறுதிக்குள் நிரப்பித் தரும்படி கேட்டிருக்கிறது. அதற்கு உதவுவதாகச் சொல்லி வந்த ஓர் ஆலோசனை நிறுவனம் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, எந்தத் தொழிலுக்கும் பொருந்தக்கூடிய, எந்தத் தொழிலையும் குறிக்காத தடித்த கொள்கை ஆவணம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தேன். இவருடைய கூடத்தின் ஒரு மாத மின் பயன்பாடுகூட அதில் இல்லை.

நாங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு, மலேசியப் பத்திர ஆணையத்தைச் சார்ந்த கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா என்ற அமைப்பு 2023-இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகவே வெளியிட்ட எளிமையாக்கப்பட்ட ஈ.எஸ்.ஜி. வெளிப்படுத்தல் வழிகாட்டியை எடுத்துக்கொண்டோம். அந்த 2023 பதிப்பில் உள்ளவை 35 விவரங்கள்தாம். அவற்றையும் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் கேட்கப்படுபவற்றில் பல, கணக்கர் மேசையிலேயே கிடைக்கும். எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிபொருள், எவ்வளவு தண்ணீர், எத்தனை தொழிலாளர்கள், எத்தனை விபத்துகள் என்பவைதாம்.

கரிமக் கணக்கு என்றதும் பயந்த அவருடைய மகளிடம் ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். தீபகற்ப மலேசியாவின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 6,000 யூனிட் என்றால் நாலரை டன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ. வேன் மாதம் 200 லிட்டர் குடித்தால் அரை டன்னுக்குச் சற்று மேல். கூட்டினால் மாதம் ஐந்து டன். கணக்கியல் படித்த அந்தப் பெண் மீதியைத் தாமே கணினியில் போடத் தொடங்கிவிட்டார். எரிசக்தி ஆணையம் வெளியிடும் அதிகாரபூர்வமான மதிப்பை எடுத்துப் போட வேண்டும், எந்த ஆண்டின் மதிப்பு என்று அடியில் எழுத வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்தினேன்.

நண்பகல் உணவு வேளையில் எல்லா இயந்திரங்களும் நின்ற பிறகு, கூடத்துக்குள் திரும்பிப் போய் நின்றோம். காற்றை ஒருவரும் பயன்படுத்தாத அந்த நேரத்திலும் மூலையிலிருந்த காற்றழுத்தி (ஏர் கம்ப்ரெசர்) தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தோம். ஒன்றரை நிமிடம் ஓடுகிறது, நாலரை நிமிடம் ஓய்கிறது, மீண்டும் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. ஆறு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் என்றால், அழுத்தி தரும் காற்றில் கால் பங்கு எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கிறது. மூத்த தொழிலாளி ஒருவர் சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழாய் இணைப்புகளில் தடவிக்கொண்டே வந்தார். இரண்டாவது கடைசல் இயந்திரத்துக்குப் பின்னால் ஓர் இணைப்பில் நுரை குமிழ்குமிழாகக் கிளம்பியது. இன்னும் பல இடங்களில் சிறுசிறு ஒழுக்குகள். "இந்தச் சத்தம் எனக்கு எப்பவுமே கேட்கும் ஐயா, யாரும் கேட்கலேன்னு நான் சொல்லல" என்றார் அவர். அதோடு அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைத்திருந்ததையும் கண்டோம். அழுத்தத்தை ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்தால் காற்றழுத்தியின் மின்செலவில் ஏறத்தாழ ஏழு சதவீதம் மிச்சமாகும் என்பது பொறியாளர்கள் நடைமுறையில் கொள்ளும் கணக்கு. உரிமையாளர் அந்த மூத்த தொழிலாளியையே மாதந்தோறும் ஒழுக்குப் பார்க்கும் பொறுப்புக்கு நியமித்து, அதற்கென ஒரு படித்தொகையும் அறிவித்தார். இந்த வாரம் நான் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

வியாழன், பிறை

கார் பழுதுபார்க்கும் பட்டறை. தந்தை தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, எங்க கடையில பசுமையா எதுவுமே இல்ல" என்று வரவேற்றார்.

பட்டறையின் பெரிய பொறுப்பு கறுப்பெண்ணெய்தான். இயந்திரத்திலிருந்து வடிக்கும் பழைய எண்ணெய், எண்ணெய் பட்ட துணிகள், காலி டப்பாக்கள், பழைய பேட்டரிகள் யாவும் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 2005-இல் வந்த விதிமுறைகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவுகள். பழைய இயந்திர எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீடு. சேர்த்து வைப்பதானால் 180 நாட்களுக்கு மேல் வைக்கக் கூடாது, 20 டன்னுக்கு மேல் போகக் கூடாது. கலனில் குறியீடும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்ட வேண்டும். உரிமம் பெற்றவர் மட்டுமே எடுத்துச் செல்லலாம். அப்பா காலத்தில் இந்த எண்ணெயை வேலிக் கட்டைகளுக்குப் பூசினார்கள், கறையான் அரிக்காது என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள் என்று இவர் சொன்னார். அன்று எல்லாப் பட்டறைகளிலும் நடந்ததுதான் அது. மழை பெய்தால் அந்த எண்ணெய் மண்ணிலும் கால்வாயிலும் கலந்து போகும் என்பதை அவரே இப்போது சொல்கிறார்.

விதி தெரிந்திருந்தும் இவரால் பின்பற்ற முடியாமல் போவதற்குக் காரணம் அளவு. மாதம் ஒன்றிரண்டு பீப்பாய் எண்ணெய்க்காக உரிமம் பெற்ற வண்டி எளிதில் வராது, வந்தாலும் கட்டணம் கட்டுப்படியாகாது. பக்கத்திலிருக்கும் மற்றப் பட்டறைகளுக்கும் இதே நிலைமைதான். ஆகவே எல்லோரும் பேசி ஒரே நாளில் ஒரே வண்டியை வரவழைப்பது, ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் பதிவைத் தனித்தனியே சுற்றுச்சூழல் துறையின் இணையத்தளத்தில் வைத்துக்கொள்வது என்று பேசினோம். இரண்டு பட்டறைக்காரர்கள் அப்போதே சம்மதித்தார்கள். மற்றவர்களிடம் அவர் பேசிப் பார்க்க வேண்டும்.

வெள்ளி, பத்து மாவுங் வழியாக

காலையில் 1833-இல் எழுப்பப்பட்ட லெபோ குவீன் மகாமாரியம்மன் ஆலயத்துக்குப் போய்விட்டு, வெளியே பூக்கடைக்காரர்களிடம் பேசினேன். வாடிய பூக்களை நார், நூல், பிளாஸ்டிக் உறையிலிருந்து பிரித்தால் நல்ல உரமாகும், பிரிக்காவிட்டால் வெறும் குப்பை. பிற்பகலில் பத்து மாவுங்குக்குச் சென்றேன். தீவின் குப்பை அங்கிருக்கும் மாற்று நிலையத்தில் சேர்ந்து, படகில் ஏறி, செபராங் பிறையின் தெற்கிலுள்ள புலாவ் பூரோங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அந்தக் கிடங்கு 2022 ஜனவரியில் தீப்பிடித்து நெடுநாள் புகைந்ததையும், சுற்றுவட்டார மக்கள் மூச்சுத் திணறியதையும் நிபோங் திபால் பக்கத்து உறவினர்கள் இன்னும் சொல்வார்கள். உணவுக் கழிவு காற்றில்லாமல் புதையுண்டு அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 2016-இல் பினாங்கு குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்தக் கிடங்கின் கொள்ளளவும் ஒரு கவலை. ஈரக்கழிவு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு இந்தப் படகின் சுமை குறையும்.

சனி, லெபோ பாசார்

மாலையில் உணவகத்தின் மாடியில் ஒரு கூட்டம் நடந்தது. வாரத்தில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோரும், அவர்கள் அழைத்து வந்த சிலரும் இருந்தார்கள். நான் அதிகம் பேசவில்லை. குளிர்பெட்டிக் கதையை அக்காவும், காற்றழுத்திக் கதையைத் தொழிற்கூட உரிமையாளரின் மகளும் அவரவர் வாயாலேயே சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்வதைவிட, பக்கத்துக் கடைக்காரர் தம் பில்லைக் காட்டிச் சொல்வதற்கு இந்தத் தெருவில் மதிப்பு அதிகம்.

கடன் பற்றிய கேள்விகள்தான் நெடுநேரம் ஓடின. பேங்க் நெகாரா 2022-இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காகத் தாழ்கரிம மாற்ற நிதி வசதியை, அதாவது கரிம வெளியீட்டைக் குறைக்கும் மாற்றங்களுக்கான கடன் திட்டத்தை, தொடங்கியது. தன் பங்காக ஒரு பில்லியன் ரிங்கிட்டை ஒதுக்கி, பங்கேற்கும் வங்கிகளும் அதே அளவு சேர்க்கும்படி அமைத்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு கோடி ரிங்கிட் வரை, உத்தரவாதக் கட்டணம் உட்பட ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மிகாத விகிதத்தில், பத்தாண்டு வரை என்பது அதன் அமைப்பு. ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும்போது வங்கியிடம்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். துணிக்கடைக்காரர் விளக்கு மாற்ற இவ்வளவு தேவையில்லையே என்றார். உண்மைதான், விளக்குக்குக் கடனே தேவையில்லை. ஆனால் தொழிற்கூடத்துக்குப் புதிய காற்றழுத்தி வாங்குவதானால் ஓராண்டு மின் கணக்கோடு வங்கிக்குப் போகலாம், வெறுங்கையோடு போகக் கூடாது.

கடைசியில் மூன்று காரியங்கள் முடிவாயின. லெபோ பாசார், லெபோ குவீன் உணவகங்கள் ஒரே உரிமதாரரிடம் பழைய எண்ணெயைக் கொடுத்து, ஒரே மாதிரியான ரசீதுப் புத்தகத்தில் பதிந்து வைக்கும். ஒவ்வொரு கடையிலும் கரண்டு பில்லையும் எரிபொருள் ரசீதையும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஒரு தாளில் எழுத ஒருவர் பொறுப்பேற்பார். அது முதலாளியாக இருக்க வேண்டியதில்லை, எழுதக்கூடியவராக இருந்தால் போதும். அந்தத் தாளைத் தமிழில் தயாரித்துத் தருவது என் பொறுப்பு. நிரப்பிய முதல் தாள்களைத் தொழிற்கூட உரிமையாளரின் மகள் சேகரித்து எனக்கு அனுப்புவார். பூக்கடைக்காரர்கள் பூவையும் நாரையும் பிரித்து வைப்பதற்கு இரண்டு கூடைகள் கேட்டார்கள். அவற்றை வாங்கித் தர மளிகைக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார், யார் வந்து எடுத்துப் போவது என்பதை மட்டும் அவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.